கிண்ணம் வந்தது, பிள்ளை வரவில்லை

மதுரங்குளியில் இறங்க வேண்டிய நான் புத்தளத்தில், மூன்று கழுதைகளுக்கு நடுவில் இறங்கினேன். பஸ்ஸில் தூங்கிவிட்டதுதான் காரணம். கடலுக்கு அந்தப் பக்கம், தூத்துக்குடியில் கடைசி பெஞ்சில் தூங்குகிற பிள்ளைகளை இருபது வருடமாக எழுப்பி வருகிறவள் நான். எனக்கு இது வேண்டும்தான்.

காலடியில் நாற்பது கையேடுகள் அடுக்கிய பெட்டி, தோளில் ஒரு பை. கழுதைகள் நகர்வதாகத் தெரியவில்லை. அதில் ஒன்று என் பெட்டியை மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. எதிரே முச்சக்கர வண்டி வைத்திருந்தவர் சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார்.

“பயப்படாதீங்க டீச்சர், இதுகள் ஒண்டும் செய்யாது. ரோட்டு இதுகள்ட. நாங்கதான் ஓரத்தால போறது.”

நான் டீச்சர் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“இவ்வளவு பாரமான பெட்டிய இழுத்துக்கொண்டு வேற யாரு வருவாங்க? புத்தகம்தானே?”

அவர் பெயர் ரிஸ்வான். மதுரங்குளியில் பரீனா டீச்சர் வீட்டுக்குப் போக வேண்டும் என்றதும், “என்ட தங்கச்சிக்குப் படிப்பிச்சவங்க, ஏறுங்க” என்று பெட்டியைத் தானே தூக்கி வைத்தார். வண்டியைக் கிளப்புவதற்கு முன்பே ஃபோனில் டீச்சரைப் பிடித்து, “உங்கட விருந்தாளியக் கழுதைகள்ட இருந்து காப்பாத்திட்டன், கொண்டு வாறன்” என்று சொல்லிவிட்டார். நான் ஊருக்குள் நுழையும் முன்பே என் மானம் நுழைந்துவிட்டது.

வழியில் உப்பளம் வந்தது. என் அப்பா உப்பளத்தில் வேலை பார்த்தவர். வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். அதே பாத்திகள், அதே வெள்ளைக் குவியல், மேலே கிடுகு போட்டு மூடியிருந்தார்கள். உப்பு வாருகிற பெண்களின் கால்கள்கூட எங்கள் ஊர்க் கால்கள்தான். ரிஸ்வான் அவசரப்படுத்தவில்லை. உப்பைப் பார்த்துக் கண்கலங்குகிற ஒருத்தியை அவர் முன்பின் பார்த்திருக்க மாட்டார், இருந்தும் ஒன்றும் கேட்காமல் வண்டியில் சாய்ந்து நின்றார். அந்த ஐந்து நிமிடத்துக்காக அவருக்கு இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

பரீனா டீச்சருக்கு என்னைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். மதுரங்குளியில் ஒரு பள்ளியில் ஆலோசனை ஆசிரியர். அந்தக் கடற்கரைப் பக்கத்துப் பள்ளிகளில் மாணவர்களின் மனநலத்தைப் பார்த்துக்கொள்கிற பத்துப் பதினைந்து ஆசிரியர்களைத் தன் பிள்ளைகள்போல் அதட்டி மேய்க்கிறவர். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கவும், நான் எழுதிய கையேட்டைக் கொடுக்கவும்தான் என்னை அழைத்திருந்தார்கள். அன்றைக்கு இடியப்பமும் சொதியும் கணவாய்மீன் கறியும். தூத்துக்குடிக்காரியான எனக்குக் கணவாய் புதிதில்லை. ஆனால் இந்தத் தேங்காய்ப்பால் விஷயத்தில் நாம் இன்னும் கஞ்சர்கள் என்பதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். “வெக்கப்படாம சாப்புடுங்க, நாளைக்கு நீங்க எங்களுக்குப் படிப்பிக்கோணும்” என்று சொல்லிச் சொல்லியே எட்டு இடியப்பம் வைத்துவிட்டார்.

படிப்பிக்க வந்தவளின் லட்சணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு மாணவி, அப்பாவின் வேலை மாறியதால் வேறு ஊர்ப் பள்ளிக்குப் போனாள். பொறுப்பான ஆலோசகர் என்ன செய்ய வேண்டுமோ அதைச் செய்தேன். அவளைப் பற்றி ஒன்பது பக்க அறிக்கை எழுதி, உறையின் மேல் சிவப்பு மையில் ‘ரகசியம்’ என்று எழுதி அனுப்பினேன். அப்படி எழுதிய உறையைப் பிரிக்காமல் வைத்திருக்க எந்த மனிதப் பிறவியாலும் முடியாது என்பது எனக்குத் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் அந்தப் பள்ளி ஆசிரியர் அறை முழுக்க அவள் கதை தெரிந்துவிட்டது. அவள் பள்ளிக்குப் போவதையே நிறுத்திவிட்டாள். என் ஃபோனை எடுப்பதும் இல்லை. என் வாழ்க்கையில் நான் செய்த மிகப் பெரிய தவறு அது. அதற்கு நான் செய்த பரிகாரம் என்ன தெரியுமா? கையேட்டில் அந்த அறிக்கைக்கு இன்னும் நல்ல படிவம் ஒன்று போட்டேன். ஆறு பக்கம், மூன்று கையெழுத்துக் கட்டங்கள்.

மறுநாள் பயிற்சி. பதினான்கு பேர் வந்திருந்தார்கள், இரண்டே ஆண்கள். எல்லோரும் ஏதோ ஒரு பாடமும் எடுத்துக்கொண்டு, ஆலோசனையையும் சேர்த்துச் சுமக்கிறவர்கள். எனக்காவது பள்ளியில் மின்விசிறியுள்ள ஓர் அறை உண்டு. இங்கே ஒருவருக்கு நூலகத்தின் மூலை, ஒருவருக்கு மாமரத்தடி. மாம்புரிப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஜெசிந்தாவுக்கு விளையாட்டுச் சாமான் போடுகிற களஞ்சிய அறை. கணிதம் படிப்பிக்கிற, முப்பத்தைந்து வயது மதிக்கத்தக்க பெண். “கால் உடைஞ்ச கதிரை ஒண்டு இருக்கு மிஸ். பிள்ளைகள நல்லதில இருத்திட்டு, நான் உடைஞ்சதில கவனமா இருப்பன். அதனால நித்திரை வராது” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டுமானால் ஒரு நாள் முழுக்கப் போகும், கடலுக்குப் போகிற குடும்பத்துக்கு அது எவ்வளவு கஷ்டம் என்பதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள்.

காலை முழுக்க நன்றாகத்தான் போனது. மத்தியானம் பாண் என்கிற ரொட்டியும் சம்பலும் பிளேன்டீயும் முடித்துவிட்டு என் ஆறு பக்கப் படிவத்துக்கு வந்தேன். வேறு பள்ளிக்கு மாறுகிற மாணவரின் விவரங்களை எப்படி அனுப்புவது என்று விளக்கிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தா கை தூக்கினாள்.

“மிஸ், இத அங்க யார் வாசிப்பாங்க?”

“அந்தப் பள்ளி ஆலோசகர்.”

“அவங்க லீவில இருந்தா?”

“தலைமையாசிரியர், நீங்கள் சொல்கிற அதிபர்.”

“அதிபர் கூட்டத்துக்குப் போன நாளில கடிதத்த யார் பிரிப்பாங்க?”

மறுபடியும் சிரிப்பு. இந்த முறை என்னால் சிரிக்க முடியவில்லை. உறையைப் பிரித்த ஒரு கையை நான் இரண்டு வருடமாகக் கற்பனையில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பதினான்கு பேர் முன்னால் நாற்காலியில் உட்கார்ந்து, நடந்ததைச் சொன்னேன். சொல்வதற்காக வந்தவளில்லை நான், ஆனால் சொல்லிவிட்டேன். யாரும் ‘பரவாயில்லை’ என்று சொல்லவில்லை. அதற்கும் நன்றி. பரீனா டீச்சர் எழுந்து போய் இன்னொரு பிளேன்டீ கொண்டுவந்து கையில் கொடுத்தார், சீனி கூடப் போட்டு.

கலைந்து போகும்போது ஜெசிந்தா அருகில் வந்தாள். “மிஸ் மேல கோவத்தில கேக்கல்ல. என்னட்ட வாற பிள்ளை ஒண்டு நாளைக்கு வேற ஊருக்குப் போகுது. அதே யோசனையில இருந்தன். விருப்பம் எண்டா வாங்க.”

செவ்வாய்க்கிழமை அவள் ஸ்கூட்டியின் பின்னால் உட்கார்ந்து போனேன். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் மிளகாய்த் தோட்டம், தலைக்கு மேலே காற்றாலைகள். எங்கள் பக்கத்துக் காற்றாலைகள் மாதிரியே இவையும் சோம்பலாகத்தான் சுற்றுகின்றன. காற்று மாறப் போகிறது என்றாள் ஜெசிந்தா. சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கினால் இந்தக் கடலில் தொழில் செய்ய முடியாது. அதனால் பல குடும்பங்கள் வலை, சட்டி பானையோடு லொறி ஏறி, நாட்டின் மறுகரைக்கு, முல்லைத்தீவுப் பக்கம் போய்விடும். அங்கே கடலோரத்தில் வாடி என்கிற மீன்பிடிக் குடிசை போட்டுத் தங்கி, காற்று திரும்பிய பிறகுதான் வருவார்கள். பெரும்பாலும் பிள்ளைகளை உறவினர் வீட்டில் விட்டுப் போவார்கள். சிலரால் அது முடியாது.

அப்படி முடியாத வீடு ஷெரின் வீடு. பெயரை மாற்றியிருக்கிறேன். பத்தாம் வகுப்பு. ஊருக்கே தெரிந்த விஷயத்தை மட்டும் ஜெசிந்தா எனக்குச் சொன்னாள். போன வருடம் கடலுக்குப் போன ஷெரினின் அண்ணன் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து அந்தப் பெண் யாரோடும் பேசுவதை விட்டுவிட்டாள். நான்கு மாதம் களஞ்சிய அறைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, பிறகுதான் ஜெசிந்தாவிடம் மட்டும் வாய் திறந்தாள்.

“என்ன சொன்னாள்?” என்று கேட்டேன்.

“அது அவள்ட கதை மிஸ்” என்றாள் ஜெசிந்தா. பிறகு கொஞ்ச தூரம் போய், “ஒண்டு மட்டும் சொல்றன். ஒரு கிழமைக்கு மேல அவளத் தனிய விட ஏலாது” என்றாள். கிழமை என்றால் அவர்களுக்கு வாரம். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாத முதல் கேள்வியைக் கேட்டதற்கே எனக்கு வெட்கமாக இருந்தது.

முதலில் ஜெசிந்தா வீட்டுக்குப் போனோம். சமையலறையில் தட்டு நிறையத் தொதல். அரிசிமாவும் சர்க்கரையும் தேங்காய்ப்பாலும் சேர்த்துக் கிண்டிய கறுப்பு இனிப்பு, நம் அல்வாவுக்கு அக்கா என்று சொல்லலாம். அவள் அதைத் துண்டு போட்டு, மூடி போட்ட ஓர் எவர்சில்வர் கிண்ணத்தில் அடுக்கினாள். அறிக்கை எங்கே என்று கேட்டேன். கிண்ணத்தைத் தூக்கிக் காட்டினாள்.

இதுதான் அவர்கள் முறை. மறுகரையில் சுகந்தி என்று ஓர் ஆலோசனை ஆசிரியர் இருக்கிறார். இங்கிருந்து ஒரு பிள்ளை போனால், எழுத்தில் ஒரு வரியும் போகாது. பிள்ளையின் பெயரும், எத்தனை நாளுக்குள் பார்க்க வேண்டும் என்பதும் ஃபோனில் போகும், அவ்வளவுதான். பிள்ளையின் கையில் ஒரு கிண்ணம் போகும். ‘இத அங்க சுகந்தி டீச்சரிட்ட குடுத்திடு.’ கிண்ணத்தோடு ஒரு பிள்ளை டீச்சர் வீட்டுக்குப் போனால் ஏன் போகிறாய் என்று அந்தக் கடற்கரையில் யாரும் கேட்கமாட்டார்கள். பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பதால் டீச்சர் உடனே கொடுக்கமாட்டார். அதை வாங்க இன்னொரு தடவை வர வேண்டும். வந்தால் ஏதாவது சாப்பிட வேண்டும். சாப்பிட்டால் கொஞ்சம் உட்கார வேண்டும்.

“மிச்சத்த அவளாச் சொல்லுவாள். சொல்லாட்டி, அடுத்த தடவ சொல்லுவாள்.”

யார் கண்டுபிடித்தது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. பரீனா டீச்சர்தான் என்று ஜெசிந்தா சொல்கிறாள். சுகந்திதான் என்று பரீனா டீச்சர் சொல்கிறார்.

ஷெரின் வீட்டு வாசலில் லொறி நின்றது. வலை மூட்டைகள், மிதவைகள், பெரிய சோற்றுப் பானை, துணியில் சுற்றிய மாதா சுரூபம். ஷெரின் படியில் உட்கார்ந்து ஒரு கயிற்றை முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தாய் ஓடி வந்து எங்களுக்குக் கதிரை போட்டார். கதிரையும் லொறியில் ஏறிவிட்டிருந்தது, அதை இறக்கிப் போட்டார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன், ஜெசிந்தா என் கையை அழுத்தினாள், உட்கார்ந்தேன்.

“டாக்டர் சொன்னவர் மிஸ், பிள்ளைய விட்டுட்டுப் போக வேணாம், பக்கத்தில கதைக்க ஆள் வேணும் எண்டு. அதான் கூட்டிட்டுப் போறம்” என்றார் தாய். அங்கே பதினைந்து பேருக்குச் சமைக்கப் போகிற கைகள் அவருக்கு. மகளைப் பார்க்கும்போது அந்தக் கைகள் என்ன செய்வதென்று தெரியாமல் சேலையைப் பிசைந்தன.

ஜெசிந்தா கிண்ணத்தை ஷெரினிடம் கொடுத்து, சொல்ல வேண்டியதைச் சொன்னாள். ஷெரின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. “சரி மிஸ்” என்றாள். நான் கேட்ட அவள் குரல் அந்த இரண்டு சொல்தான். லொறி போகும்போது அவள் மடியில் கிண்ணம் இருந்தது.

புதன்கிழமை முன்னேஸ்வரத்துக்குப் போனேன். சிவன் கோயில் என்றால் நம் ஆட்கள் மட்டும்தான் வருவார்கள் என்று நினைத்திருந்தேன். வெள்ளை உடுத்திய சிங்களக் குடும்பங்கள் தட்டு நிறையப் பழத்தோடு எனக்கு முன்னால் வரிசையில் நின்றன. முன்னால் இருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டதைப் பூக்கடைக்காரர் எனக்குத் தமிழில் சொன்னார். ‘நம் பாஷையில் வேண்டினால் சாமிக்குப் புரியுமா?’ என்று ஒருத்தி கேட்டாளாம். ‘நீ அழுகிறதைப் பார்த்தாலே புரியும், போ’ என்றாளாம் மற்றவள். அந்த வரிசையில் நின்று, பார்த்து ஒரு நாள்கூட முழுதாக ஆகாத ஒரு பெண்ணுக்காக வேண்டிக்கொண்டேன். என் ஊர்ப் பெண்ணுக்காகவும்.

பிரகாரத்தை விட்டு வெளியே வந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஜெசிந்தாவின் ஃபோன் வந்தது. குரல் சரியில்லை.

“சுகந்தி அக்கா கதைச்சவ மிஸ். கிண்ணம் வந்திட்டுதாம். பிள்ளை வரல்ல.”

நடந்தது இதுதான். வாடியில் சாமான் இறக்கிய கையோடு தாய் குளித்து, பூசைக்குப் போகிற சேலையை உடுத்தி, வேகாத வெயிலில் மணலில் நடந்து, கிண்ணத்தைத் தானே கொண்டுபோய் சுகந்தியிடம் இரண்டு கையாலும் கொடுத்திருக்கிறார். மிஸ் கொடுத்துவிட்டதைச் சின்னப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் மரியாதையில்லையாம். அவரை எப்படிக் குறை சொல்வது? எங்களுக்காக இறக்கிய கதிரையை மறுபடி ஏற்றிக் கட்டிய பெண் அவர். வேறு எந்த ஊராக இருந்தாலும் பிள்ளையிடமே கொடுத்து அனுப்பியிருப்பார்கள்.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் களஞ்சிய அறைக்குப் போனேன். ஜெசிந்தா உடைந்த கதிரையில் உட்கார்ந்திருந்தாள். ஷெரினை அங்கே பள்ளியில் சேர்க்க இன்னும் ஒரு வாரமாவது ஆகும். அதுவரை பகல் முழுக்க அவள் வாடியில், சமையலில் மூழ்கிய தாய்க்குப் பக்கத்தில், கடலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். கரைதான் வேறு, அண்ணனைக் கொண்டுபோன கடல்தான் அது.

“தாயிட்ட நான் ஒரு சொல் சொல்லியிருக்க வேணும். பிள்ளையே கொண்டுபோகட்டும் எண்டு. சொல்லல்ல. எனக்கு இந்த வேலை வேணாம் மிஸ். நான் கணிதத்தோட இருக்கிறன். கணக்குப் பிழைச்சா அழிச்சுட்டு எழுதலாம்.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபோனை எடுத்து, சுகந்திக்கு எல்லா விவரத்தையும் எழுதி அனுப்பிவிடலாம் என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன். நீ சொல்லு, நான் தட்டச்சுச் செய்கிறேன் என்றேன். பயம் வந்தால் எழுதுவதுதான் எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம். அவள் என்னைப் பார்த்த பார்வையில் விரல் நின்றுவிட்டது. இரண்டு வருடமாக ஒன்றும் படிக்கவில்லையே நான் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

அந்த நேரத்தில் பரீனா டீச்சர் உள்ளே வந்தார், கூடவே பயிற்சிக்கு வந்த இன்னும் மூன்று டீச்சர்மார், ஒரு சாப்பாட்டுப் பாத்திரம். யாரும் அவர்களை அழைக்கவில்லை. ஒருத்திக்கு ஒன்று தவறிப்போனது என்று தெரிந்தால் அன்றைக்கே வந்துவிடுவார்களாம், அது அவர்கள் வழக்கம். வந்ததும் சாப்பிட வைப்பார்கள். சாப்பிட்டு முடியும்வரை யாரும் புத்தி சொல்லக் கூடாது. எங்கள் ஊரில் எனக்கு அது நடந்தபோது விசாரணைக் கூட்டம் வைத்தார்கள். ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை.

ஜெசிந்தா அழுதுகொண்டே நெய்ச்சோறு சாப்பிட்டாள். நானும் சாப்பிட்டேன், அழுகை எனக்கும் வந்தது. பந்துகளுக்கும் கூடைகளுக்கும் நடுவில் ஆறு பெண்கள் கோழிக்கறி சாப்பிட்டதை நான் என்றும் மறக்கமாட்டேன். எனக்கு இப்படி நாலு பேர் இருந்திருந்தால் என்று ஒரு நிமிடம் ஏங்கினேன். உடனே, இப்போது இருக்கிறார்களே என்று தோன்றியது.

கை கழுவி வந்து பரீனா டீச்சர் கேட்டார். “கிண்ணம் இப்ப எங்க?”

“சுகந்தி அக்காட வீட்டில.”

“தாய்ட கையில திருப்பிக் குடுத்திட்டாவா?”

ஜெசிந்தா நிமிர்ந்தாள். சுகந்தியை ஃபோனில் அழைத்து, எல்லோரும் கேட்கும்படி வைத்தாள்.

“வெறுங் கிண்ணத்தை எப்பிடிக் குடுக்கிறது? கழுவி வைச்சிருக்கிறன். பிறகு தாறன் எண்டு சொல்லி விட்டனான்” என்றார் சுகந்தி.

“அப்ப ஒண்டும் கெட்டுப்போகல்ல” என்றார் பரீனா டீச்சர். “சுகந்தி, கேளுங்க. தாய் எத்தினை மணிக்கு உலை வைப்பா?”

“வள்ளம் பத்து மணிபோலக் கரைக்கு வரும். அதுக்குள்ள சோறு வேணும். எட்டு மணியிலயிருந்து அடுப்பை விட்டு அரக்க ஏலாது அவவுக்கு.”

“நல்லது. நாளைக்கு லீவு போட்டுட்டு ஒம்பது மணிக்கு வடை சுடுங்க. சுட்டுட்டுச் சொல்லி அனுப்புங்க, கிண்ணம் தயார், ஆறுறதுக்கு முதல் வந்து எடுக்கச் சொல்லி. தாய்க்கு அடுப்ப விட்டுட்டு வர ஏலாது. வடைய ஆறவிடவும் மனம் வராது.”

மறுமுனையில் சுகந்தி சிரித்தார். “பரீனா டீச்சர், நீங்கள் போன பிறவியில கள்ளன்.”

“அல்லாஹ்வே, இந்தப் பிறவியே போதும்.”

மனநலம் பற்றி ஒரு கையேடு எழுதியவள் நான். பதினைந்து பேருக்கு உலை கொதிக்கிற நேரத்தை அதில் எந்த அத்தியாயத்தில் சேர்ப்பது என்று யோசித்தேன். இடமே இல்லை.

வெள்ளிக்கிழமை பரீனா டீச்சரின் பள்ளி ஜும்ஆவுக்காக முன்னேரத்தில் விட்டுவிடும். அவரோடு மாம்புரிக்குப் போனேன். பஸ் பாதி வழியில் நின்று, தேங்காய் ஏற்றிய லாண்ட்மாஸ்டர் என்கிற சின்ன டிராக்டர் வண்டியில் மட்டைகளுக்கு மேல் உட்கார்ந்து போய்ச் சேர்ந்தோம். ஓட்டியவர் என் வெளிநாட்டுத்தனத்தைப் பார்த்து ஒரு செவ்விளநீரை வெட்டித் தந்தார், சேலையெல்லாம் சிந்தியது. ஒன்பது மணி எப்போதோ கடந்திருந்தது. ஃபோன் வரவில்லை. பதினொன்றரை, பன்னிரண்டு. ஜெசிந்தா பாடம் முடித்து வந்து கரும்பலகைச் சுண்ணாம்பு படிந்த கையோடு களஞ்சிய அறை வாசலில் நின்றாள். வடை ஆறியிருக்கும். ஒருவேளை மறுபடி தாயே வந்திருப்பாரோ, ஒருவேளை பிள்ளை வரமாட்டேன் என்றிருப்பாளோ.

ஒரு மணி தாண்டித்தான் அழைப்பு வந்தது.

“வந்தவள்” என்றார் சுகந்தி. “இப்பதான் போறாள்.”

ஜெசிந்தா சுவரில் சாய்ந்துவிட்டாள். “தனியவா அக்கா?”

“தனிய. வாசலில நிண்டு, கிண்ணத்துக்கு வந்தனான் எண்டாள். வடை சூடாக் கிடக்கு, இருந்து சாப்பிட்டிட்டுப் போ எண்டன். இருந்தாள். ரெண்டு சாப்பிட்டாள். ஒண்டும் கதைக்கேல்ல, நானும் கதைக்கேல்ல. பிறகு என்னைப் பாத்துக் கேட்டாள், ‘எங்கட மிஸ் என்னைப் பற்றி உங்களுக்கு என்ன சொன்னவ?’ எண்டு.”

என் கை பரீனா டீச்சரின் கையைப் பிடித்திருந்தது. எப்போது பிடித்தேன் என்று தெரியாது.

“உன்ர பேர் சொன்னவ, நீ வருவாய் எண்டு சொன்னவ, அவ்வளவுதான் எண்டு சொன்னன். அவள் நம்பேல்ல. ‘எழுதியும் ஒண்டும் அனுப்பேல்லையோ?’ எண்டு கேட்டாள். இல்லைப் பிள்ளை, தொதல் மட்டும்தான் வந்தது எண்டன். கிண்ணத்தின்ர மூடியத் திறந்து பாத்திட்டு மூடினாள். பிறகு சொன்னாள், ‘அப்ப நானே சொல்றன்.’”

வெளியே பிள்ளைகள் பந்தாடுகிற சத்தம் கேட்டது.

“மூண்டு மணித்தியாலத்துக்கு மேல இருந்தவள், ஜெசிந்தா. திங்கட்கிழமையும் வாறன் எண்டு தானாச் சொல்லிப் போறாள். அவள் என்ன சொன்னாள் எண்டு நான் உனக்குச் சொல்லமாட்டன்.”

“சொல்ல வேணாம் அக்கா” என்றாள் ஜெசிந்தா. கண்ணீர் தாடையில் வழிய, சுண்ணாம்புக் கையாலேயே துடைத்துக்கொண்டாள். “சொல்ல வேணாம்.”